வெளிநாட்டுப் பயணத்தில் வீட்டாருடன் மலிவாகப் பேச இணைய அழைப்பு: புறப்படுமுன் அறிந்திருக்க வேண்டியவை

எங்கள் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்று ஒரே நாட்டில் இல்லை. தாய் கிளிநொச்சியில், மூத்தவர் ரொறன்ரோவில், இளையவள் சூரிச்சில், மருமகன் கட்டாரில் என ஒரு வீட்டுக்காரரே நான்கு நாடுகளில் வாழ்கிறார்கள். போர் சிதறடித்த இந்தக் குடும்பங்களை நாளாந்தம் சேர்த்து வைத்திருப்பது கைத்தொலைபேசியில் வரும் இணைய அழைப்புத்தான். வட்ஸ்அப், வைபர், இமோ என்ற பெயர்கள் எங்கள் வயோதிபர்களுக்கும் பழகிவிட்டன.

ஆனாலும் யாராவது ஒருவர் பயணம் புறப்பட்டவுடன் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. விமான நிலையத்தில் கையசைத்து அனுப்பியவர்கள் இரண்டு நாட்களாகக் குரல் கேட்காமல் தவிக்கிறார்கள். அல்லது பயணம் போனவர் திரும்பி வந்ததும் பெரிய தொலைபேசிக் கட்டணம் ஒன்று காத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய் வந்தபோது என் தாயுடன் தொடர்பில் இருக்க நான் செய்த ஒழுங்குகளையும், ஊரில் பலருக்குக் கைத்தொலைபேசிகளைச் சரிசெய்து கொடுத்ததில் கண்டவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். இதில் முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பயணம் போகிறவருக்குப் பல இடங்களில் இலவச வைபை கிடைக்கிறது. செலவும் சிரமமும் ஊரில் இருப்பவருக்கே: பழைய கைத்தொலைபேசி, பலவீனமான சமிக்ஞை, முடியும் தறுவாயில் உள்ள டேட்டா. எனவே மலிவான அழைப்பை வீட்டில் இருப்பவரின் பக்கத்திலிருந்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

அழைப்பு எப்படி மலிந்தது?

இணையத்தின் ஊடாகக் குரலை அனுப்பும் மென்பொருளை இஸ்ரேலைச் சேர்ந்த வொக்கல்ரெக் நிறுவனம் 1995 இல் விற்பனைக்கு விட்டது. வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததும் அதே ஆண்டில்தான். அப்போது எங்களில் பலருக்குச் சாதாரண தொலைபேசியே எட்டாத பொருள். உயிரோடு இருக்கிறோம் என்ற செய்தி செஞ்சிலுவைக் குழுவின் ஊடாகப் போன கடிதங்களிலும், கொழும்புக்குப் போய் வருபவர்களின் கைகளிலும் பயணம் செய்தது.

இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகளுக்கான தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்திடம் இருந்தது. அது முடிவுக்கு வந்து ஏனைய நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பின் கட்டணங்கள் குறைந்தன. யுத்தநிறுத்த காலத்தில் வடக்கில் கொமியூனிகேஷன் கடைகள் பெருகின. 2003 இல் ஸ்கைப் வந்தது. 2010 இன் இறுதியில் வைபர் வந்தது. வட்ஸ்அப் 2015 இல் குரல் அழைப்பையும் 2016 இல் காணொளி அழைப்பையும் சேர்த்தது. ஸ்கைப் 2025 மே மாதத்துடன் மூடப்பட்டுவிட்டது. இன்னும் பழைய ஸ்கைப் கணக்கை நம்பியிருக்கும் உறவினர் எவராவது இருந்தால் அவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இலங்கையின் சாதாரண இலக்கம் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து எடுப்பது இன்றும் மலிவானதல்ல. உள்வரும் சர்வதேச அழைப்புகளுக்கு அரசாங்கம் வரி அறவிடுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். செயலியிலிருந்து செயலிக்குப் பேசும்போது அந்த அழைப்பு தொலைபேசி வலையமைப்பின் வாசலுக்கே வருவதில்லை. இரு பக்கமும் டேட்டா மட்டுமே செலவாகிறது.

எவ்வளவு டேட்டா போகும்?

எங்கள் குரலைச் செயலி சிறு சிறு பொதிகளாக வெட்டி இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனையில் அவை மீண்டும் கோர்க்கப்படுகின்றன. பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு ஒரு குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் எடுத்தது. இன்றைய செயலிகளில் பயன்படும் ஒப்பஸ் போன்ற சுருக்க முறைகள் அதில் பாதிக்கும் குறைவான அளவில் தெளிவான குரலைத் தந்துவிடுகின்றன.

நடைமுறைக் கணக்கு இதுதான். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை மெகாபைட், காணொளி அழைப்புக்கு ஐந்து மெகாபைட் அல்லது அதற்கு மேல். ஒரு ஜிகாபைட்டில் குரல் அழைப்பு என்றால் முப்பது மணித்தியாலம் பேசலாம். காணொளி என்றால் மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும். உங்கள் கைத்தொலைபேசியில் உண்மையான அளவை நீங்களே பார்க்க முடியும். வட்ஸ்அப்பில் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா’ பகுதியில் ‘நெட்வேர்க் யூசேஜ்’ என்பதைத் திறந்தால் அழைப்புகளுக்கு எவ்வளவு போனது என்று காட்டும்.

ஆகவே அம்மாவின் டேட்டா அழைப்பினால் தீர்ந்துபோவது குறைவு. குடும்பக் குழுக்களில் வந்து குவியும் பிறந்தநாள் காணொளிகளும் கோயில் திருவிழாப் படங்களும் தாமாகவே தரவிறங்கித்தான் அதைத் தின்கின்றன. நான் சரிபார்த்துக் கொடுத்த கைத்தொலைபேசிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இதுதான் நிலைமை.

புறப்படுமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் இருப்பவரின் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்து, அவரையும் அருகில் இருத்திக்கொண்டு பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

படம், காணொளி ஆகியவை தாமாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். அதே ‘ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா’ பகுதியில், மொபைல் டேட்டா பயன்படும்போது எவை தாமாகத் தரவிறங்கலாம் என்று கேட்கும் இடத்தில் எல்லாத் தெரிவுகளையும் நீக்கிவிடலாம். அங்கேயே ‘யூஸ் லெஸ் டேட்டா ஃபோர் கோல்ஸ்’ என்ற தெரிவையும் இயக்குங்கள். சமிக்ஞை குறைந்த கிராமங்களில் குரல் அறுபடுவதும் இதனால் குறையும்.

நீங்கள் திரும்பும் வரைக்குமான டேட்டாப் பொதியைப் போட்டுவிட்டுப் போங்கள், அல்லது மாதாமாதம் ரீலோட் செய்ய ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். சமூக ஊடகங்களுக்கென விற்கப்படும் மலிவுப் பொதி என்றால், அதில் அழைப்பும் அடங்குமா அல்லது செய்திகள் மட்டுமா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரை முகப்புத் திரையில் படத்துடன் வைத்துவிடுங்கள். வாசிக்கக் கஷ்டப்படும் பெற்றோருக்கு முகம் போதும். பச்சை நிறப் பொத்தானை அழுத்தவும் மேலே தள்ளவும் ஐந்து ஆறு தடவை அவர்களையே செய்யவிடுங்கள். அடுத்த அறையில் இருந்து எடுத்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

குரல் பதிவு அனுப்பவும் கேட்கவும் பழக்குங்கள். இது மிக முக்கியம். நேரடி அழைப்பில் ஒரு பொதி தொலைந்தால் அதற்காகக் காத்திருக்க நேரமில்லை. அந்த இடத்தில் குரல் அறுந்துபோகும். குரல் பதிவில் தொலைந்த பொதி மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கப்படும். எனவே அழைப்பு நிற்காத இடத்திலும் பதிவு தாமதமாக, ஆனால் முழுமையாகப் போய்ச் சேரும். என் தாய் இருக்கும் இடத்தில் மழை நாட்களில் அழைப்பு ஒரு நிமிடமும் நிற்காது. “சாப்பிட்டிட்டன் தம்பி, நீ சாப்பிட்டியோ” என்ற அவருடைய பதிவு மட்டும் தவறாமல் வந்துவிடும்.

கடைசியாக, அயலில் ஒருவரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா இரண்டு வேளை பதிலளிக்காவிட்டால் வேலியால் எட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். எந்தச் செயலியும் அந்த வேலையைச் செய்யாது.

இலக்கத்தைக் கைவிடாதீர்கள்

எங்கள் சமூகத்தில் தொலைபேசி இலக்கத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா பழைய சிம் அட்டை ஒன்றை மாற்றவே மாட்டேன் என்கிறார். 2009 இல் இல்லாமற்போன மகனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் அது ஒன்றுதான். அவருக்குப் புதிய, மலிவான இணைப்பு எடுத்துக் கொடுக்க வந்த பிள்ளைகளிடம், “அவன் எடுத்தா ஆர் பதில் சொல்றது?” என்று கேட்டார். பிறகு இரண்டு சிம் போடக்கூடிய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கி, பழைய இலக்கத்தை ஒரு பக்கமும் டேட்டாவுக்கான புதியதை மறுபக்கமும் வைத்தோம். காத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது உதவும்.

இலக்கம் கைநழுவும் வழிகள் சில உண்டு. நீண்ட காலம் ரீலோட் செய்யாமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் துண்டித்து இன்னொருவருக்கு வழங்கலாம். சிம் அட்டை வேறொருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், அது தொலைந்தபோது அதே இலக்கத்தை மீண்டும் பெறுவது கடினம். இறந்தவர் அல்லது வெளிநாடு போய்விட்டவர் பெயரில் உள்ள இணைப்புகள் எங்கள் வீடுகளில் ஏராளம். நீங்கள் நாட்டில் இருக்கும்போதே கிளை அலுவலகத்துக்குப் போய் அதைப் பயன்படுத்துபவரின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பயணம் போகிறவரின் இலக்கத்துக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் புதிய சிம் போட்டதும் வட்ஸ்அப் புதிய இலக்கத்துக்கு மாறட்டுமா என்று கேட்கும். பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். சிம் அட்டை பெட்டியில் கிடந்தாலும் கணக்கு பழைய இலக்கத்தில் இயங்கும். ஊரில் உள்ளவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பயணத்தின் நடுவில் செயலியை அழித்து மீண்டும் நிறுவாதீர்கள். அதற்கான இரகசிய இலக்கம் பழைய சிம்முக்கே வரும். மேலும், 120 நாட்கள் இணையத்துடன் இணைக்கப்படாத வட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும்.

போய் இறங்கியதும்

விமானம் ஏறுமுன் ‘டேட்டா ரோமிங்’ தெரிவை நிறுத்திவிடுங்கள். பயணிகளுக்குப் பெரிய கட்டணம் வருவது பெரும்பாலும் இதனால்தான். பேசாமல் சட்டைப்பையில் கிடக்கும்போதே கைத்தொலைபேசி பின்னணியில் டேட்டா எடுத்துக்கொண்டிருக்கும். ரோமிங்கில் வரும் சாதாரண அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். தங்கும் வீட்டின் வைபையும் அந்த நாட்டின் முற்கொடுப்பனவு சிம் ஒன்றும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். புதிய கைத்தொலைபேசி என்றால் இசிம் எடுத்து, பழைய சிம்மை அப்படியே உள்ளே வைத்திருக்கலாம்.

ஐரோப்பாவில் உறவினர் வீடுகளுக்குப் போகிறவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே 2017 ஜூன் 15 முதல் மேலதிக ரோமிங் கட்டணம் இல்லை. நோர்வேயும் இந்த ஏற்பாட்டில் அடங்கும். சுவிற்சர்லாந்து இதில் இல்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரித்தானியாவிலும் இந்த உரிமை தானாகக் கிடைக்காது. பாரிஸில் வாங்கிய சிம்முடன் சூரிச் திருமண வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லையைத் தாண்டுமுன் டேட்டா ரோமிங்கை நிறுத்துவது நல்லது. பாசல், ஜெனிவா போன்ற எல்லை நகரங்களுக்கு அருகில் பிரான்ஸ் பக்கத்தில் நின்றாலும் கைத்தொலைபேசி சுவிஸ் வலையமைப்பைப் பிடித்துவிடக்கூடும்.

டுபாய், டோஹா வழியாகப் போகிறவர்களுக்கு

எங்கள் மக்களில் பலர் வளைகுடா விமான நிலையங்கள் ஊடாகவே பயணம் செய்கிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பின் குரல், காணொளி அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. கட்டாரிலும் 2017 முதல் பயணிகள் இதே தடையைச் சந்தித்து வருகின்றனர். விமான நிலையத்தின் இலவச வைபையில் இணைந்திருப்பீர்கள், எடுத்தால் அழைப்பு போகாது. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும்.

இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். “டுபாயில் இருந்து எடுக்க ஏலாது, பதிவு ஒன்று அனுப்புவன்” என்ற ஒரு வசனம் போதும். மற்றவர்களுக்கு வராத அழைப்பு ஒரு தாமதம் மட்டுமே. எங்கள் தாய்மாருக்கு அது பழைய இரவுகளை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

அங்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த நாட்டில் உரிமம் பெற்ற பொட்டிம் போன்ற செயலிகளை வீட்டார் கைத்தொலைபேசியிலும் நிறுவிவிட்டுப் போவது நல்லது. அங்கு போன பின் தொலைபேசியில் விளங்கப்படுத்துவது இரு பக்கமும் கண்ணீரில் முடியும். தடையை மீற விபிஎன் பயன்படுத்துமாறு நண்பர்கள் சொல்லக்கூடும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் சட்டவிரோத நோக்கத்துக்காக விபிஎன் பயன்படுத்துவதற்கான தண்டப்பணம் 5 இலட்சம் திர்ஹத்திலிருந்து 20 இலட்சம் திர்ஹம் வரை சட்டத்தில் உள்ளது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ஒரு பெண் இந்த ஆபத்தில் விழக்கூடாது.

பணியிடத்தில் கைத்தொலைபேசி பறிக்கப்படலாம் என்ற அச்சம் இருப்பவர்கள் வீட்டு இலக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். நாட்டுக் குறியீடு 94. அதற்குப் பின் முதல் பூச்சியத்தை விட்டுவிட்டு அழுத்த வேண்டும்.

ஊரில் இணையம் முடக்கப்பட்டால்

இலங்கையில் இது நடக்கும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது வட்ஸ்அப், வைபர், முகநூல் ஆகியன முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின் மீண்டும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3 இல், பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போது, மீண்டும் முடக்கம் வந்தது. மட்டக்களப்பில் சியோன் தேவாலயத்தில் பிள்ளைகள் பலியான அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் செயலிகளில் எடுத்தும் பதில் கிடைக்காமல் தவித்தார்கள்.

இந்த மூன்று வேளைகளிலும் சாதாரண அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் தொடர்ந்து இயங்கின. எனவே வெளிநாட்டு சிம்மில் சாதாரண அழைப்பு ஒன்றுக்கான மீதித் தொகையை எப்போதும் வைத்திருங்கள். வைபர் அவுட் போன்ற சேவைகளின் ஊடாகச் சாதாரண இலக்கங்களுக்கும் எடுக்கலாம். ஆனால் வைபரே முடக்கப்பட்டாலும் அது போகுமா என்பதை நம்பியிருக்கக் கூடாது. ஊரிலுள்ள தாய்க்கு அந்த அழைப்பு சாதாரண தொலைபேசி வழியாகவே வருகிறது என்றாலும், கட்டணத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைய அழைப்புச் செயலிகளால் 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் போன்ற அவசர இலக்கங்களை அடைய முடியும் என்று எண்ணவும் வேண்டாம். வீட்டில் சாதாரண அழைப்புக்கான மீதி இருப்பது அதற்காகவும் அவசியம்.

யார் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியை எங்கள் வாசகர்கள் மற்றவர்களைவிட அதிகம் கேட்பார்கள். காரணம் தெரிந்ததே. வட்ஸ்அப், சிக்னல் ஆகியவற்றில் பேசுவது இரு முனைகளுக்கும் இடையே மறையாக்கம் செய்யப்படுகிறது; நடுவில் இருப்பவரால் கேட்க முடியாது. சாதாரண தொலைபேசி அழைப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் யார் யாருக்கு எப்போது எடுத்தார் என்ற விபரம் வேறு. அது மறையாக்கத்துக்குள் அடங்காது. கைத்தொலைபேசியே இன்னொருவர் கைக்குப் போனால் உள்ளே இருக்கும் செய்திகளும் படங்களும் திறந்த புத்தகம்தான். சமூக ஊடகப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான இளைஞர்களை நாம் அறிவோம். வெளிநாட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டு, ஊரில் உள்ளவரின் கைத்தொலைபேசிக்கு நினைவேந்தல் படங்களையும் பழைய காணொளிகளையும் அனுப்புமுன், அது யார் சட்டைப்பையில் தங்கப் போகிறது என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

இன்னொரு ஆபத்து களவு. உறவினரின் கணக்கைக் கைப்பற்றி, “அவசரமாகப் பணம் தேவை” என்று அவர் பெயரில் செய்தி அனுப்பும் மோசடி எங்கும் நடக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் ‘டூ ஸ்ரெப் வெரிபிகேஷன்’ தெரிவை இயக்கி, அந்த இலக்கத்தை வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பணம் கேட்டுச் செய்தி வந்தால் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

எந்த நேரம் எடுப்பது?

இலங்கை நேரத்திலிருந்து சுவிஸும் பிரான்ஸும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் பின்னால் உள்ளன. பிரித்தானியா நாலரை, ஐந்தரை. ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை. டுபாய் ஆண்டு முழுவதும் ஒன்றரை, கட்டார் இரண்டரை. கோடையில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் ஊரில் மறுநாள் காலை ஐந்தரை. அம்மாமார் எழும்பித் தேநீர் வைக்கும் நேரம்; வலையமைப்பில் நெரிசலும் குறைவு. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஊரில் எல்லோரும் இணையத்தில் இருப்பார்கள்; அழைப்பு அதிகம் அறுபடுவதும் அப்போதுதான்.

ஒரு நேரத்தைத் தீர்மானித்து அதைக் காப்பாற்றுங்கள். பத்து நிமிடம் பேசினாலும் ஐந்து மெகாபைட்தான். ஒரு நாள் எடுக்க முடியாது என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் பயணத்தில் இருந்தால் நடுவில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பெட்டி அடுக்குவதற்கு நாங்கள் இரண்டு மூன்று நாள் எடுக்கிறோம். அதில் ஒரு மாலையை வீட்டில் இருக்கப்போகிறவரின் கைத்தொலைபேசிக்காக ஒதுக்கினால், இங்கே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்துவிடலாம்.